தாரா, ஜிம்னியா, பழைய ஜீப்பா? மைலோமா வந்த முதுகோடு ஒரு ஒப்பீடு

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பட்டியலில் இருந்தவை மூன்று கதவு மஹிந்திரா தார், ஐந்து கதவு மாருதி ஜிம்னி, நன்றாகப் பராமரித்த பழைய மஹிந்திரா ஜீப், என் தம்பி விடாமல் சொல்லிக்கொண்டிருந்த ஹூண்டாய் கிரெட்டா. அப்புறம், எதையும் வாங்காமல் பணத்தை அப்படியே வங்கியில் வைத்திருப்பது. அதையும் ஒரு தேர்வாகத்தான் எழுதி வைத்தேன். வீடியோவிலும் பத்திரிகையிலும் கண்ணில் பட்ட ஒப்பீடுகளை எல்லாம் பார்த்துவிட்டேன். இன்ஜின் சக்தி, மைலேஜ், திரை எத்தனை இன்ச் என்று எல்லாம் இருந்தது. முதுகெலும்பில் ஒரு எலும்பு அமுங்கிப்போனவர் எதில் உட்காரலாம் என்பது மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்கு வயது 52. எட்டு மாதம் சதைப்பிடிப்பு என்று நம்பித் தைலமும் வலி மாத்திரையுமாக ஓட்டிய முதுகுவலி, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு மல்டிபிள் மைலோமா என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய் அது. எலும்பை உள்ளிருந்தே அரிக்கும். இடுப்புக்கு மேலே எல்1 எலும்பு அமுங்கியிருந்தது. போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைடு மாத்திரை, டெக்ஸாமெத்தசோன் ஸ்டெராய்டு என்று நான்கு சுற்று முடிந்து, என் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். இப்போது நோய் அடங்கியிருக்கிறது. டாக்டர் எப்போதும் "அடங்கியிருக்கு" என்றுதான் சொல்வார், "போயிருச்சு" என்று சொல்ல மாட்டார், ஏனென்றால் பெரும்பாலும் திரும்பி வருகிற நோய் இது. என்னுடையது கொஞ்சம் முரட்டு வகை என்பதால் பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி இன்னும் தொடர்கிறது.

ஜீப் ஆசை எனக்கு ஏழெட்டு வயதிலிருந்து இருக்கிறது. ஊர் போடி. அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவள். இருட்டு விலகுவதற்கு முன்னால் தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும், தூக்குவாளியும் மழைக்குப் போர்த்தும் கொங்காணிச் சாக்குமாகப் பெண்கள் ஏறுவார்கள், உள்ளே இடமில்லாமல் பின்னால் தொற்றிக்கொண்டும் நிற்பார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் இறங்கி, இருட்டியபின் திரும்பி வருவாள். முன் சீட்டில் டிரைவரும் கங்காணியும். அம்மா அந்த முன் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதில் அவளை உட்கார வைத்து நான் ஓட்ட வேண்டும் என்ற ஆசை, வேலை, கல்யாணம், பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன் என்று தள்ளித் தள்ளிப் போய், இப்போது தள்ளிப்போட இடமில்லாத இடத்துக்கு வந்து நிற்கிறது.

முதலில் அந்தப் பழைய ஜீப்பையே பார்க்கிறேன், ஏனென்றால் மனது கேட்டது அதைத்தான். தேனிப் பக்கத்தில் தேடினால் நல்ல நிலையில் உள்ள வண்டி இன்னும் கிடைக்கிறது, விலையும் மற்றதைவிடக் குறைவு, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் நான் பார்த்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங் என்கிற, பட்டை பட்டையாக அடுக்கிய இரும்பு வில், பவர் ஸ்டீயரிங் கிடையாது, கிளட்ச் மிதித்தால் இடுப்பு வரை தெரிகிறது. இதெல்லாம் போக, பக்கவாட்டில் திறந்து கிடக்கும் வண்டியில் மண் தூசி நேராக மூக்குக்கு வரும். ஸ்டெம் செல் ஏற்றியவர்களிடம் தோட்டம் கொத்த வேண்டாம், இடிக்கிற கட்டடத்துப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்வதே அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சைக்குப் பயந்துதான். அரை கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அன்று அழுதது உண்மை. இதே நிலையில் இருப்பவர் யாராவது பழைய ஜீப் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்து தார். இப்போதைய வடிவம் 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்தது, அன்றிலிருந்து அதன் படம்தான் என் போனில். பார்க்கும்போதே ஜீப் என்று தோன்றுகிற வண்டி இன்று இதுதான். 2.2 லிட்டர் டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக் எடுத்தால் மேட்டில் மூச்சு வாங்காது. ஓட்டும்போது உயரத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்கு உடம்பெல்லாம் தெம்பு கொடுத்தது. இதில் என் முதுகுக்கு ஒத்துவராதது இரண்டு. ஒன்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2,450 மில்லிமீட்டர்தான். இந்த இடைவெளி குறைவாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டும், அந்த ஆட்டம் சரியாக இடுப்புக்கு மேலே வந்து முடியும். இரண்டாவது, ஏறுவது. காலைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, கையால் இழுத்து ஏற வேண்டும். குனிந்து திரும்புவதுதான் எனக்குத் தடை. பின் சீட்டுக்குத் தனிக் கதவு இல்லை, முன் சீட்டைச் சாய்த்து நுழைய வேண்டும்.

ஜிம்னி உருவத்தில் சிறிது. இரண்டும் ஒரே நீளம், 3,985 மில்லிமீட்டர், ஆனால் ஐந்து கதவு ஜிம்னியின் சக்கர இடைவெளி 2,590. காகிதத்தில் 14 சென்டிமீட்டர் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். என் முதுகுக்கு அது பெரிய வித்தியாசம். அகலம் 1,645 தான், எங்கள் தெருவில் எதிரே ஆட்டோ வந்தாலும் ஒதுங்கலாம். எடை சுமார் 1,200 கிலோ, தார் ஏறக்குறைய அரை டன் கூடுதல், அதனால் நிறுத்தும்போதும் திருப்பும்போதும் தோளுக்கு வேலை குறைவு. குறையும் சொல்லிவிடுகிறேன்: 1,462 சிசி பெட்ரோல் இன்ஜின், அதோடு வெறும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக், ஏற்றத்தில் காலை அழுத்தினால் சத்தம் வரும் அளவுக்கு வேகம் வராது. முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே கட்டையான அச்சு இணைப்பதால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் உடம்பு பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தை என்னால் தாங்க முடிகிறது, குத்துகிற ஆட்டத்தைத்தான் முடியவில்லை.

டெஸ்ட் டிரைவ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு, ஒரே தூரத்தை ஒரே வேகத்தில், ஒரு வார இடைவெளியில் இரண்டு வண்டியிலும் போனேன். மதிப்பெண்ணை அன்றைக்கே போடாமல் மறுநாள் காலையில் போட்டேன். தார் ஓட்டிய மறுநாள் படுக்கையில் புரண்டு எழவே அரை மணி நேரம் ஆயிற்று. ஜிம்னிக்கு மறுநாள் வலி இருந்தது, ஆனால் எழுந்து காபி போட்டேன். உங்களுக்கு என்ன நோயாக இருந்தாலும் மறுநாள் காலையை வைத்து முடிவெடுங்கள். ஓட்டுகிற நேரத்தில் சந்தோஷம் வலியை மறைத்துவிடும்.

கால் விஷயம் இதைவிட முக்கியம், கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். போர்டிசோமிப் ஊசிக்கு நரம்பைப் பாதிக்கும் குணம் உண்டு, எனக்கு இரண்டு பாதத்திலும் விரல்கள் மரத்திருக்கின்றன. இந்தக் காலை வைத்துத்தான் கிளட்சா, ஆட்டோமேட்டிக்கா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறியபோது 4 மீட்டருக்குள் நீளமும் 1,500 சிசிக்குள் டீசலும் இருக்கும் வண்டிக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது, அதில் 1.5 லிட்டர் டீசல் தார் வருகிறது, தம்பி உடனே போன் செய்து அதைச் சொன்னான். ஜிம்னிக்குப் பெட்ரோலில் 1,200 சிசி எல்லை தாண்டிவிட்டதால் 40 சதவீதம்தான். ஆனால் அந்த மலிவான தாரில் கிளட்ச் இருக்கிறது, மரத்த காலோடு கொண்டை ஊசி வளைவில் பாதிக் கிளட்சில் நிற்பது என்னால் ஆகாது. எனவே இரண்டிலும் ஆட்டோமேட்டிக்தான் என்று முடிவு செய்தேன். ஆட்டோமேட்டிக் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள், அது பாதிதான் உண்மை. இடது காலுக்குத்தான் விடுதலை. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலில்தான். வலது பாதம் எதை மிதிக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்ற நிலை வந்தால் எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது. ஒவ்வொரு முறை ஊசிக்குப் போகும்போதும் டாக்டரிடம் பாதத்தைச் சோதிக்கச் சொல்கிறேன். நரம்பு வலிக்குப் பிரிகேபலின் போடும் நாளில் தூக்கம் வரும், அன்று சாவியைத் தொடுவதில்லை. ஊசி வயிற்றில் தோலுக்கடியில் போடுவார்கள், அந்த இடம் சிவந்து தடித்திருக்கும், சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை சரியாக அதன்மேல் படும். பெல்ட்டைக் கழற்றக் கூடாது, ஊசியைத் தொடையில் போடச் சொல்லலாம். இதைச் சொல்லிக்கொடுத்தது ஊசி போடும் சிஸ்டர்.

கிரெட்டா பற்றிச் சுருக்கமாகப் போதும். முதுகை மட்டும் கேட்டால் இந்தப் பட்டியலில் அதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகச் செய்த வண்டி, பள்ளத்தை மெதுவாக இறங்கி ஏறுகிறது, சீட்டுக்கு ஏறவே வேண்டாம், நேராக உட்காரலாம். எலும்பு இன்னும் உறுதிப்படாதவர்கள், சிகிச்சையின் நடுவில் இருப்பவர்கள் இதையோ இது மாதிரி ஒன்றையோதான் எடுக்க வேண்டும், அதுவும் வேறொருவர் ஓட்ட. "அக்கா, உனக்கு எது சௌகரியமோ அதை எடு, ஆசைய எல்லாம் பெறகு பாத்துக்கலாம்" என்றான் தம்பி. பிறகு என்ற சொல்லைக் கேட்டதும் நான் பதில் பேசவில்லை, அவனுக்கும் புரிந்துவிட்டது, போனை வைத்துவிட்டான்.

பணம். சிகிச்சைக்கு என்று ஒரு தொகையை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு, நோய் திரும்பி வந்தால் அடுத்த மருந்து என்ன விலை இருக்கும் என்று டாக்டரிடமே கேட்டு அதையும் சேர்த்து வைத்த பிறகு மிஞ்சியதுதான் காருக்கு. கடன் வாங்கவில்லை. கார் கடனோடு ஒரு காப்பீடும் கையெழுத்து வாங்குவார்கள், அதில் உடல்நலம் பற்றிக் கேள்வி இருக்கும், மைலோமாவை மறைத்து எழுதினால் நாளைக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் காப்பீடு கிடைக்காது, கடன் மட்டும் மிஞ்சும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள புதுக் காருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம். அதைப் பார்த்ததும் புது வண்டி எண்ணத்தை விட்டேன். இங்கேயே பதிவான, ஒருவர் கையில் இருந்த வண்டி என்றால் அந்த வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இங்கே தார் அளவுக்கு ஜிம்னி விற்கவில்லை, வாங்க வருகிறவர் கூட்டமும் குறைவு, பேரம் பேச இடம் கிடைத்தது. ஆர்.சி. புத்தகத்தில் நாமினி பெயர் சேர்க்கலாம், 2021இல் விதியில் கொண்டுவந்தார்கள். என் மகள் பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, நேரம். ஸ்டெராய்டு போடும் நாட்களில் பெரிய செலவு எதையும் முடிவு செய்யாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் போட்ட இரவுகளில் எனக்குத் தூக்கமே வராது, மனது குதிரை மாதிரி ஓடும், அப்படி ஓர் இரவு இரண்டு மணிக்குத் தாருக்கு முன்பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன். மகள் எழுந்து வந்து லேப்டாப்பை மூடினாள். அதன் பிறகு மூன்று ஊசிச் சுற்று தாண்டியும் அதே விருப்பம் இருந்தால் மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். விருப்பம் அப்படியே இருந்தது, வண்டிதான் மாறியிருந்தது.

ஐந்தாவது தேர்வான வாங்காமல் இருப்பதை நான் லேசாகத் தள்ளவில்லை. போடியில் ஒரு ஜீப்பை டிரைவரோடு வாடகைக்கு எடுத்து அம்மாவைக் கூட்டிப்போய் வந்தால் ஆசை தீராதா என்று பலமுறை கேட்டுக்கொண்டேன். செலவு சில ஆயிரம்தான், ஆபத்தும் இல்லை. ஆனால் வாடகை ஜீப் என்றால் ஒருநாள், நல்ல நாள் பார்த்து. எனக்கு ஊசி இல்லாத வாரத்தில், திடீரென்று தெம்பாக இருக்கிற ஒரு புதன்கிழமை, யாரிடமும் கேட்காமல் கிளம்ப வேண்டும். அந்த மாதிரிப் புதன்கிழமைகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் வண்டி வாசலில் நிற்க வேண்டும். கையில் காசு இல்லாமல், மருந்துப் பணத்தில் கைவைத்து இதைச் செய்வதாக இருந்தால் வாடகை ஜீப்தான் சரி, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

ஜிம்னி வந்து இருபது நாள் ஆகிறது. ஏறுவதற்குப் பக்கப் படி ஒன்று மாட்டச் சொன்னேன், அம்மாவுக்கும் சேர்த்துத்தான். 76 வயதில் இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கின்றன, "அந்த ஜீப்புல ஏறி எறங்குன முட்டிதானடி இது" என்பாள். மேடு இன்னும் ஏறவில்லை, முதலில் போடி வரை சமவெளியில் இரண்டு தடவை போய்வந்து மறுநாள் காலையைப் பார்க்க வேண்டும். முதல் தடவை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், பின் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை நான் மாட்டிவிடும்வரை பேசாமல் இருந்தாள். அப்புறம் இதில் எத்தனை பேர் போகலாம் என்று கேட்டாள். நாலு பேர் என்றேன்.

"நாலு பேருக்கு ஒரு ஜீப்பா?" என்றாள்.