காரைக்குடியில் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கான இரண்டு நாள் முகாம்: போகலாமா?

வேலையிடப் பாதுகாப்பைப் பற்றித் தொழிலாளர்கள் சார்பில் பேசுகிறவர்களுக்காகக் காரைக்குடியில் தொழிற்சங்கம் ஒன்று நடத்தும் முகாம் இது. முதல் நாளுக்காகவே போகலாம். இரண்டாம் நாள் காலையில் வரும் சட்ட வகுப்பைத்தான் திருத்த வேண்டும். அதைப் பிறகு சொல்கிறோம்.

"ஹெல்மெட் போடு, கையுறை போடு" என்று ஆரம்பிக்காததே முதல் நிம்மதி. ஆளுயரத் தாளில் உடம்பின் முன்புறத்தையும் பின்புறத்தையும் வரைந்து சுவரில் ஒட்டுகிறார்கள். வேலையால் எங்கே வலிக்கிறதோ அங்கே சிவப்புப் பொட்டு. ரைஸ் மில் ஆட்கள் முதுகிலும் நெஞ்சிலும், ஸ்பின்னிங் மில் ஆட்கள் காதிலும் பாதத்திலும், ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் தரைக்கல்) போடுகிறவர்கள் விரல் இடுக்கிலும் வைக்கிறார்கள். தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்த வலி, பத்துப் பேருக்கும் ஒரே இடத்தில் இருப்பது அப்போதுதான் தெரிகிறது. அடுத்து பட்டறையின் தரைப்படத்தில் ஆபத்துள்ள இடங்களைக் குறிக்க வேண்டும். இத்தாலியில் கார் தொழிலாளர்கள் உருவாக்கிய பழைய முறை. செலவு ஒரு பேனாதான்.

மதியம் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு அழைத்துப் போகிறார்கள். முகாமின் உயிரே இதில்தான் இருக்கிறது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, ஆக்சைடு கலந்த சிமெண்ட் சாயத்தை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுவார்கள். பிறகு ஈரக் கலவையை வைத்து மட்டம் செய்வார்கள். தூசி கிளம்புவது அந்த உலர்ந்த தூவலில். "தண்ணீர் தெளித்து வேலை செய்" என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே அது நடக்காது. சாயத்தின் ஈரத்தை உறிஞ்சத்தான் அந்தத் தூவலே. பயிற்சியாளர் இதை உணர்ந்து மாற்று வழி சொன்னது பாராட்ட வேண்டிய விஷயம்: சலிப்பதையும் கலப்பதையும் மற்றவர்கள் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், உயரத்திலிருந்து கொட்டாதீர்கள், காலிச் சாக்கை உதறாதீர்கள், தரையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஈரச் சிமெண்டின் பி.எச். அளவு 12-க்கு மேல், அதாவது தோலை அரிக்கும் அளவுக்குக் காரம். உடனே எரியாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். துணிக் கையுறை கலவையை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்; அதற்கு வெறுங்கையே மேல். மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறையில் அச்சுச் சட்டத்தைப் பிடிக்க முடிகிறதா என்று ஆட்களையே போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும், அதற்கு அடியில் தங்கும் கலவைதான் புண்ணாக்கும்.

ரைஸ் மில் பாடத்தில் பூட்டுப் பயிற்சி. நெல்லை பக்கெட்டில் மேலே ஏற்றும் எலிவேட்டர் அடைத்துக்கொண்டால் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே கைவிடுவது நம் ஊர் வழக்கம். இன்னொருவர் வேறு கட்டையைச் செருகினால் கதை முடிந்தது. வரிசை இதுதான்: மெஷினை நிறுத்து, மெயினைத் துண்டி, உன் பூட்டைப் போட்டுச் சாவியை உன்னிடமே வை, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடு, தங்கிய விசையை இறக்கு, கடைசியில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார். பலரும் கோட்டைவிடுவது ஐந்தாவதில், தங்கிய விசையை இறக்குவதில். ஒரு பக்கத்து பக்கெட்டுகள் மட்டும் நெல்லோடு நின்றிருந்தால், கரண்ட் இல்லாமலேயே பெல்ட் பின்னோக்கி ஓடும். இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு. பல பூட்டு மாட்டும் கொக்கி ஒன்றையும் வாங்கிவையுங்கள்.

தொட்டி, குழிக்குள் இறங்குவது பற்றிய பாடத்துக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார்கள், போதாது. சுடர் எரிந்தால் காற்று உண்டு என்று விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் சரியாக உடைத்தார்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது. சுடரோ ஏறக்குறைய 16 வரை எரியும். எரிவாயு இருந்தால் அந்தச் சுடரே வினை. காற்றை அளக்கும் மீட்டர் இல்லையா, இறங்காதே. உள்ளே விழுந்தவரைத் தூக்க வெறுமனே குதிப்பவர்தான் அடுத்த பிணம்.

முகக்கவசம், காதடைப்பான் வகுப்பு வழக்கமானது. தலைத்துண்டு சிலிக்காவை, அதாவது மணல் தூசியில் உள்ள நுண்துகளைத் தடுக்காது என்ற ஒரு வரி போதும்.

இனி சட்ட வகுப்பு. கையேடு 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே நிற்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் சேர்த்த 41ஜி பிரிவை, பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர்க்குச் சம இடம் என்பதை, நன்றாக விளக்கினார்கள். ஆனால் 2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற வரம்பு அதில் 20 ஆகிவிட்டது; மின்சாரம் இல்லாவிட்டால் 40. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் கல் பட்டறைக்குத் தொழிற்சாலை விதி பழைய கணக்கிலும் எட்டவில்லை, புதிய கணக்கிலும் எட்டாது. அந்தத் தொழிலாளி என்ன செய்வது என்ற கேள்விக்கு முகாமில் பதில் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலிருந்து வந்தவர்களுக்காவது புதிய தொகுப்பின் 14-ஆம் பிரிவைப் படித்துக் காட்டியிருக்கலாம்: உயிருக்கு ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் முதலாளியிடம் சொல்லும்போதே ஆய்வாளரிடமும் சொல்லலாம்.

கடைசி அமர்வான புகார் எழுதும் பயிற்சி இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. "பாதுகாப்பு சரியில்லை" என்று எழுதிய தாளை எல்லார் முன்னாலும் கிழித்தார்கள். எழுதவேண்டிய விதம் இது: "இரண்டாவது எலிவேட்டரின் அடிப்பக்கம் பெல்ட் மூடி 12-ஆம் தேதி முதல் இல்லை. பெல்ட் புல்லியில் நுழையும் இடம் பெருக்குபவரின் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மூடி மாட்டும்வரை, பெருக்கும்போது மெஷினை நிறுத்த வேண்டும்." இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலக முத்திரை. வாங்க மறுத்தால் ஒப்புதல் அட்டையுடன் தபால். வாய்ப்பேச்சாகச் சொன்னதை மறுநாளே மறுத்துவிடுவார்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்த ஒலி அளவு வகுப்பில் பாதிப்பேர் தூங்கியதற்கு அதுவே காரணம். அந்த வகுப்பைக் காலையில் வைக்கலாம்.

ஒரே மில்லிலிருந்து இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெருக்குவது, புடைப்பது, தூசி தின்பது பெரும்பாலும் அவர்கள்தான். பட்டறையின் தரைப்படத்தை வீட்டிலேயே வரைந்து எடுத்துப்போனால் முதல் நாளில் ஒரு மணி நேரம் மிச்சம்.