பாஸ் கிட்டார் ஆன்லைனில் வாங்குகிறீர்களா? தராசுப் படம் கேளுங்கள்

நின்றுகொண்டு வாசிக்கும் பாஸ் கிட்டார்காரர்களுக்காக இதைப் போடுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயர் வேண்டாம்.

ஐந்து கம்பி பாஸ். கடையின் சொந்த இணையதளத்தில் ‘ஸ்வாம்ப் ஆஷ் பாடி (அந்த மரத்தில் செய்த உடல்), எடை 3.9 கிலோ’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு அந்த எடைதான் முக்கியம். ரிசப்ஷன் கச்சேரி என்றால் மூன்று மணி நேரம் சாதாரணமாக இழுக்கும். கீபோர்டுக்கு ஸ்டாண்டு உண்டு, டிரம்மருக்கு ஸ்டூல் உண்டு, நமக்குத் தோள் மட்டும்தான். அதனால் போனிலும் கேட்டேன். “நாலு கிலோவுக்கு உள்ளதான் சார், தைரியமா வாங்குங்க” என்றார் விற்பனையாளர். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார்.

பெட்டியிலிருந்து தூக்கியபோதே கை சொல்லிவிட்டது. ஊருக்குப் போகும்போது லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். 5.3 கிலோ.

நான்கு கம்பி பாஸ் பெரும்பாலும் 3.6-லிருந்து 4.5 கிலோவுக்குள் இருக்கும். ஐந்து கம்பி கொஞ்சம் கூடும், அது சரி. ஐந்து கிலோவைத் தாண்டினால் அது கனத்துக்கே பேர்போன 1970-களின் ஃபெண்டர் கம்பெனி ‘ஜாஸ் பாஸ்’ மாடல் கணக்கு. ஸ்வாம்ப் ஆஷ் என்பதே லேசான மரம் என்றுதான் தேடி வாங்குவார்கள். மரத்தைத் துளைக்கும் வண்டு ஆஷ் காடுகளை அழித்து, அது கிடைப்பதே கஷ்டமாகி, 2020-ல் ஃபெண்டரே தன் வழக்கமான மாடல்கள் பலவற்றில் ஆஷை நிறுத்துவதாக அறிவித்தது. நான் கொடுத்த விலைக்கு அந்த மரமா, அதுவும் மேலே தடிமனாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து? சந்தேகம்தான். மரத்தின் இழை வெளியே தெரியட்டும் என்பதற்காகவும்தான் ஆஷ் போடுவார்கள்.

ரிகர்சலில் மாட்டிப் பார்த்தேன். இடது கையை எடுத்தால் பாஸின் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்கிறது. கம்பியை முறுக்கும் ஐந்து கீயும் கனமான ரகம், நெக் (கம்பிகள் ஓடும் கழுத்துப் பகுதி) நீளம். அதனால் ஃப்ரெட்டில் கம்பியை அமுக்க வேண்டிய கை, நெக்கைத் தாங்கவும் வேண்டியிருக்கிறது. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கடுத்தது. அப்புறம் தோளில் மாட்டும் ஸ்டிராப் பதிந்த இடத்திலிருந்து கழுத்து வரை இழுத்துப் பிடித்து, சுண்டு விரல் மரத்தது. கைக்குப் போகும் நரம்புகள் காலர் எலும்பை ஒட்டித்தான் போகின்றன, அங்கே அழுத்தினால் இப்படி ஆகும் என்றார் பிசியோதெரபிஸ்ட். அகலமான தோல் ஸ்டிராப் போட்டால் தோளில் பதிவது குறையும். ஆனால் இடுப்புக்கும் முதுகுக்கும் அதே 5.3 கிலோதான்.

கடைக்குத் தராசுப் படத்தை அனுப்பினேன். “அது பாடி வெயிட் மட்டும் சார், நெக், கீ எல்லாம் சேராது” என்று பதில். மொட்டை பாடி மட்டும் 3.9 கிலோ இருந்தால் அதை யார் லேசு என்று விற்பார்கள்? அடுத்து, “வெயிட் இருந்தாதான் சார் சவுண்டு கனமா வரும்” என்றார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பாஸ் (வயலின் வடிவப் பாஸ்), உள்ளே கூடான ரகம். இரண்டரை கிலோகூடத் தேறாது. பீட்டில்ஸ் பாட்டில் பாஸ் மெலிசு என்று எவனும் சொன்னதில்லை. கடைசியாக வந்தது வழக்கமான பல்லவி: “எடை மேனுபேக்சரிங் டிஃபெக்ட் இல்ல, ரிட்டர்ன் கிடையாது.”

இந்த இடத்தில் பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். 2020-ன் நுகர்வோர் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. பழுது இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தளத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்தி, தராசுப் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். ஸ்கிரீன்ஷாட்டை ஆர்டர் போடும் முன்பே எடுத்து வையுங்கள்; என் புகாருக்குப் பிறகு தளத்தில் எடை வரியையே காணோம்.

வாங்கும் முன், கம்பி, கீ எல்லாம் மாட்டிய முழு பாஸ் தராசில் தொங்கும் படத்தைக் கேளுங்கள். ஸ்டிராப்போடு ஒருவர் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விடும் வீடியோவையும் கேளுங்கள். தலை சாய்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது. கூரியர் செலவைக் கழித்துக்கொண்டு பணம் தருகிறார்களாம். கழிக்காமல் முழுத்தொகையும் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் கமென்டில் போடுகிறேன்.