முடிவுத் தேதி என்னும் தீராத் தலைவலி: ஃபுல்காலண்டருடன் என் அனுபவம்

கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வலைப்பக்கம் அமைக்கும் நண்பர் கேட்டார்: "உங்கள் சபா பக்கத்தில் ஓடுகிறதே, அந்தக் காலண்டரையே நானும் போட்டுவிடவா?" அதன் பெயர் ஃபுல்காலண்டர், வலைப்பக்கத்தில் நிகழ்ச்சிகளை நாட்காட்டிக் கட்டங்களில் பட்டைகளாகக் காட்டும் நிரல் தொகுப்பு. ஜேகுவெரி என்ற வலை நிரல் நூலகத்தின் துணை நிரலாக அது இருந்த காலத்திலிருந்தே பயன்படுத்துகிறேன். அதை எப்படி நிறுவுவது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதில் எழுத உட்கார்ந்தால் என் மனம் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. நிகழ்ச்சி முடியும் தேதி.

எங்கள் இசை விழா டிசம்பர் 15 தொடங்கி 31 வரை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் 15, முடிவு 31 என்று கொடுத்தால் திரையில் அந்த வண்ணப் பட்டை 30ஆம் தேதிக் கட்டத்தோடு நின்றுவிடும். 31ஆம் தேதியிலும் பட்டை தெரிய வேண்டுமானால், முடிவு என்ற இடத்தில் ஜனவரி 1 என்று எழுத வேண்டும். நாள் முழுவதும் நடக்கும் நிகழ்ச்சிகளில் முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பதே விதி. இதை ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்பவர் அந்த ஆவணத்தைப் படிப்பவர் அல்லர். எங்கள் சபாவில் அது செயலாளரின் வேலை. படிவத்தைத் திறந்தவர் முடிவுத் தேதியைப் பார்த்துவிட்டு, "புத்தாண்டு அன்று நமக்குக் கச்சேரி ஏது தம்பி?" என்று கேட்டு 31 என்று திருத்திவிட்டார். அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. காலண்டரில் மட்டும் விழா ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. நிறைவு நாளில் யார் பாடுகிறார் என்று விசாரித்துத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின.

இந்த விதி காரணமில்லாமல் வந்ததல்ல. நாட்காட்டித் தகவல் பரிமாற்றத்துக்கான 2009ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5545 என்ற இணையத் தர ஆவணம் இப்படித்தான் சொல்கிறது. மற்ற நிரல்கள் கூகுள் காலண்டரோடு பேசும் நிரல் இடைமுகமும் இதையே பின்பற்றுகிறது. ஜனவரி 1இலிருந்து டிசம்பர் 15ஐக் கழித்தால் நேராக 17 நாள் என்று விடை வரும். ஒன்றைக் கூட்ட வேண்டியதில்லை. ஆறு மணிக்குத் தொடங்கும் கச்சேரி எட்டு மணிக்கு முடிகிறது, அடுத்தது எட்டுக்கே தொடங்குகிறது, இரண்டும் மோதுவதில்லை. கணினிக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. அழைப்பிதழில் "15 முதல் 31 வரை" என்று அச்சடிக்கும் மனிதருக்கு இது ஒருபோதும் பழகாது.

சரி, சேமிக்கும்போது ஒரு நாளைக் கூட்டி, படிவத்தில் காட்டும்போது ஒரு நாளைக் கழித்துவிடலாம் என்றால், அது ஓரிடத்தோடு முடிகிற வேலையாக இல்லை. படிவத்தில் செய்ய வேண்டும், பட்டையை இழுத்து நீட்டும்போது செய்ய வேண்டும், அச்சுக்குப் போகும் பட்டியலிலும் செய்ய வேண்டும். ஒரே நாளில் முடியும் நிகழ்ச்சிக்கு முடிவு கொடுக்காவிட்டால் அந்த மதிப்பு வெறுமையாக வரும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே தேதியைக் கொடுத்தாலும் அப்படியே. ஆகவே கழிப்பதற்கு முன் கழிக்க ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வோரிடத்திலும் சோதிக்க வேண்டும்.

இதற்குமேல், உலாவிகளில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தேதியைக் கையாளும் சொந்த உறுப்பு, 'தேதிப் பொருள்' வேறு. 1995இல் அவசரமாக ஜாவா என்ற வேறொரு நிரல்மொழியிலிருந்து நகலெடுத்தது அது. ஜாவாவே 1997இல் அந்தத் தேதி முறைகளில் பெரும்பாலானவற்றைக் கைவிடச் சொல்லிவிட்டது; நாம் இன்னும் மாதங்களைச் சுழியத்திலிருந்து தொடங்கி டிசம்பரை 11 என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். "2025-12-31" என்று தேதியை மட்டும் கொடுத்தால் அது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது அதே நாள் காலை 5.30 என்பதால் நம் கண்ணுக்குக் குற்றம் தெரியாது. டொராண்டோவில் பக்கத்தைத் திறக்கும் ரசிகருக்கு அது 30ஆம் தேதி மாலை 7 மணி. திருப்பி எழுதும்போது அடி நமக்கு விழுகிறது: இந்திய நேரத்தின் 31ஆம் தேதி நள்ளிரவைப் பொது நேர எழுத்துவடிவத்துக்கு மாற்றினால் 30ஆம் தேதி 18.30 என்று வரும். முடிவுத் தேதியில் ஒரு நாளைக் கழித்த கையோடு இப்படி மாற்றினால் இன்னொரு நாளும் போய்விடும்.

இந்தக் குழியிலிருந்து ஃபுல்காலண்டர் நம்மைக் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேதி மட்டும் உள்ள எழுத்துவடிவத்தை அது தானே படித்துக்கொள்ளும். நேர மண்டலத்தால் அது பிசகுவதில்லை. தொடக்கம், முடிவு இரண்டையும் எழுத்துவடிவிலும் தருகிறது. அவற்றையே சேமியுங்கள், தேதிப் பொருளின் பக்கம் போகாதீர்கள். 2025 மே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 139 உலாவியில், பழைய தேதிப் பொருளுக்கு மாற்றாக டெம்போரல் என்ற புதிய ஏற்பாடு வந்துவிட்டது. நேரமே இல்லாத வெறும் தேதி அதில் உண்டு. எல்லா உலாவிகளுக்கும் அது பரவும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இழுத்து நகர்த்தும் வசதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பெருமழையில் கச்சேரி தள்ளிப்போனால் செயலாளர் அந்தப் பட்டையை வியாழனிலிருந்து சனிக்கு இழுத்து விடுகிறார், வேலை முடிந்தது. இணையம் அறுந்து சேமிப்பு தோற்றால், ஒரே வரி நிரலில் பட்டை பழைய கட்டத்துக்கே திரும்பிவிடும். தமிழ் மொழிக் கோப்பும் கூடவே வருகிறது. "முந்தைய", "அடுத்தது", "இன்று" என்று பொத்தான்கள் தமிழில் நிற்பதைப் பார்க்க இன்றும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அதில் வாரம் திங்களில் தொடங்கும், ஞாயிறு வேண்டுமென்றால் ஓர் அமைப்பை மாற்றினால் போதும். 2019இல் வந்த நான்காம் பதிப்பில் ஜேகுவெரியையும் கழற்றிவிட்டார்கள். அடிப்படைப் பதிப்பு எம்.ஐ.டி. என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசம்.

நண்பரின் மண்டபத்தில் இரண்டு கூடங்கள். கூடவாரியாகத் தனித்தனி நெடுவரிசையில் முன்பதிவைக் காட்டும் வசதி வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டண உரிமத்தில்தான் வரும். கல்யாணப் பதிவுகள் முதல் நாள் மாலை தொடங்கி மறுநாள் பிற்பகல் முடிபவை. நேரத்தோடு பதிவதால் நான் சொன்ன தலைவலி அவருக்குப் பெரும்பாலும் வராது. ஆனாலும் இந்த வாரம் என்னைக் கேட்டால் பதில் "வேண்டாம்" என்பதுதான். மேலாளர் ஒருநாள் "வெள்ளையடிப்பு, 10 முதல் 12 வரை" என்று பதிவார். 12ஆம் தேதி காலியாகத் தெரியும். அதை நம்பி யாரோ முன்பணம் கட்டுவார்கள். எந்தெந்த நாள் காலி என்று காட்ட ஒரு சாதாரண அட்டவணை போதும்.

எங்கள் பக்கத்திலிருந்து இதை எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இழுத்து நகர்த்தும் பழக்கம் வந்த பிறகு செயலாளரும் விடமாட்டார். நண்பர் பிடிவாதமாகப் போட்டுத்தான் தீருவேன் என்றால், முதல் நிகழ்ச்சியைப் பதிவதற்கு முன் ஒரு நாள் கூட்டவும் கழிக்கவும் தனித்தனிச் செயற்கூறு (வேண்டிய இடத்தில் அழைக்கும் சிறு நிரல்) எழுதி ஒரே கோப்பில் வைக்கட்டும். தேதியைத் தொடும் எல்லா இடங்களும் அவற்றையே அழைக்கட்டும்.