ரீப்பரா, லைவா, புரோ டூல்ஸா: ஆட்டோமேஷனும் சேவும்

ஒரு பாட்டை மிக்ஸ் பண்ணும்போது பாதி நேரம் குரலுக்கே போய்விடும். சரணத்தில் பாடகர் தணித்துப் பாடிய ஒரு சொல் வயலினுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும். அந்த இடத்தை மட்டும் ஒன்றரை டெசிபல் தூக்க வேண்டும். இதற்குத்தான் ஆட்டோமேஷன்: எங்கே எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டால், மென்பொருளே அதை ஒரு கோடாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் செய்துவிடும். பாட்டைப் பதிவுசெய்து மிக்ஸ் பண்ணும் மென்பொருள்களான ரீப்பர், ஏபிள்டன் லைவ், புரோ டூல்ஸ் மூன்றிலும் இது எப்படி, சேவ் எப்படி என்று பார்ப்போம்.

கையால் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) ஓட்டிப் பழகியவர்களுக்குப் புரோ டூல்ஸ் சொந்த வீடு மாதிரி. டச் மோடில் ஃபேடரைப் பிடித்திருக்கும் வரைதான் எழுதும். கையை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும், எவ்வளவு நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் நாமே வைக்கலாம். லாட்ச் மோடில் விட்ட இடத்திலேயே நின்று, பிளேபேக்கை நிறுத்தும் வரை அதே அளவை எழுதிக்கொண்டே போகும். குரலுக்கு டச், ரிவர்ப் (அறை எதிரொலி) அளவு மாதிரியானவற்றுக்கு லாட்ச் என்பது என் கணக்கு. ரைட் மோடு பக்கம் போகாதீர்கள்: ஃபேடரைத் தொடாவிட்டாலும் பழையதை அழித்து எழுதிவிடும்.

இந்த மூன்று மோடுகளும் ரீப்பரிலும் உண்டு. ஆனால் எனக்கு அதில் பிடித்தது ட்ரிம்/ரீட் என்ற இன்னொரு மோடு. வரிவரியாக ஆட்டோமேஷன் போட்டு முடித்த பிறகுதான் "மொத்தக் குரலையும் கொஞ்சம் ஏத்துங்க" என்பார்கள். ட்ரிம்/ரீடில் ஃபேடரை ஏற்றினால் போதும், வரைந்த கோடு அப்படியே இருக்க எல்லாம் சேர்ந்து ஏறும்.

ஏபிள்டன் லைவில் ஆட்டோமேஷன் உள்ள ஃபேடரைத் தொட்டால் அந்தக் கோடு வேலை செய்வதை நிறுத்திவிடும், மறுபடி இயக்கச் சொல்லி மேலே ஒரு பட்டன் எரியும். அதனால் குரலின் ஏற்ற இறக்கத்தை யுடிலிட்டி என்ற பிளக்-இன்னின் (ஒலியை மாற்ற டிராக்கில் சேர்க்கும் துணைக் கருவி) கெய்னில், அதாவது அதன் ஒலியளவுக் குமிழில் போட்டு, ஃபேடரைச் சும்மா விட்டுவிடுவது நல்லது. ஃபில்டரை (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் கருவி) தாளத்தோடு திறந்து மூடுவது போன்ற வேலை என்றால் லைவ்தான். ஏ அழுத்தினால் கோடுகள் தெரியும், பி அழுத்தினால் பென்சில் வரும், வரைந்துகொண்டே போகலாம்.

சரி, சேவ். கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பது இந்த மூன்றிலுமே ஆபத்து. லைவின் செட் ஃபைலுக்குள், அதாவது அது சேவ் செய்யும் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் ஆடியோ இருக்காது. பென் டிரைவிலிருந்து இழுத்துப் போட்ட சாம்பிள் (ஒலித் துண்டு), டிரைவைக் கழற்றினால் காணாமல் போகும். 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' கொடுத்தால்தான் எல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வரும். ரீப்பரில் சேவ் ஆஸ் பெட்டியிலேயே மீடியாவையும் நகலெடுக்க ஒரு டிக் இருக்கிறது. புரோ டூல்ஸில் ஆடியோவை இம்போர்ட் செய்யும்போதே 'ஆட்'டுக்குப் பதில் 'காப்பி' கொடுத்துவிடுங்கள். அடுத்தவருக்கு அனுப்பும்போது 'சேவ் காப்பி இன்'னில் ஆடியோ ஃபைல்களையும் டிக் செய்யுங்கள்.

இன்னொன்று, ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட். நோட்பேடில் திறந்து, எந்த டிராக்கில் எந்த பிளக்-இன் என்று படித்துவிடலாம். திறக்க அடம்பிடிக்கும் ப்ராஜெக்டில் இது பெரிய உதவி.

குரலை நம்பிய பாட்டுக்கு, வீட்டிலேயே மிக்ஸ் பண்ணுபவருக்கு என் ஓட்டு ரீப்பருக்கு. 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். பீட்டை அடுக்கிப் பாட்டு கட்டுபவர் லைவ் எடுக்கட்டும். மிக்ஸ் கடைசியில் போய்ச் சேரும் ஸ்டுடியோ புரோ டூல்ஸ் என்றால் அதிலேயே தொடங்குவது மேல். ஒன்றின் ப்ராஜெக்டை இன்னொன்று நேரடியாகத் திறக்காது. வேறு வழியில்லையென்றால் ஆட்டோமேஷனோடு ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவ் ஃபைலாக எடுத்துக் கொடுங்கள். அப்புறம் அந்தப் பக்கம் எதுவும் இடம் மாறி உட்காராது.