ஜார்ஜியா எழுத்துருவோடு எட்டு வருடங்கள்

ஆங்கிலத்தில் கடிதமோ கட்டுரையோ அறிக்கையோ, எட்டு வருடமாக எனக்கு ஜார்ஜியாதான். மேத்யூ கார்ட்டர் கணினித் திரைக்காக வடிவமைத்து, மைக்ரோசாஃப்ட் 1996-இல் வெளியிட்ட ஃபான்ட் இது. பார்த்ததும் பிடித்துவிட்டது. ஏன் பிடித்தது என்பது எழுத்துரு பற்றிய சொற்களைக் கற்ற பிறகுதான் புரிந்தது.

முதல் காரணம் எக்ஸ்-ஹைட். மேலே கொம்போ கீழே வாலோ இல்லாத சிறிய எழுத்துகளின் உயரம் அது. ஜார்ஜியாவில் இது தாராளம். டைம்ஸ் நியூ ரோமனை இதன் பக்கத்தில் அதே 12 பாயின்ட்டில் வைத்துப் பாருங்கள், ஜார்ஜியா பெரிதாகத் தெரியும். பாயின்ட் என்றால் எழுத்தின் உயரம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். அந்தக் கட்டத்தை எவ்வளவு நிரப்புவது என்பது வடிவமைப்பவர் கையில். எழுத்து நிறைவாக இருப்பதால் வரி இடைவெளி, அதாவது லீடிங், கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். 11 பாயின்ட்டுக்கு 16 வைக்கிறேன்.

கோட்டு முனையில் சின்னக் குறுக்குக்கோடு இருந்தால் செரிஃப், இல்லாவிட்டால் சான்ஸ் செரிஃப். ஜார்ஜியா செரிஃப் வகை. போடோனியும் செரிஃப்தான், ஆனால் அதன் மெல்லிய கோடுகள் சிறிய அளவில் திரையில் கரைந்துபோகின்றன. ஜார்ஜியாவின் மெல்லிய கோடுகளுக்கு உடம்பு உண்டு.

குறைகளும் உண்டு. போல்ட் ரொம்பத் தடிமன். அந்தக் காலத் திரையில் ஒரு பிக்சல் கோட்டைத் தடிமனாக்க இரண்டு பிக்சல்தான் வழி. அந்தக் கனம் காகிதத்தில் கருப்பாக அப்பிக்கொள்கிறது. தலைப்புகளுக்கு நான் போல்ட் போடுவதில்லை, அளவை மட்டும் கூட்டுகிறேன்.

அப்புறம் எண்கள். 3, 4, 5, 7, 9 பேஸ்லைனுக்கு, அதாவது எழுத்துகள் உட்காரும் கோட்டுக்கு, கீழே இறங்கும். 6, 8 மேலே ஏறும். பத்தி நடுவே ஆண்டு வந்தால் அது சிறிய எழுத்துகளோடு அழகாகக் கலந்துவிடும், எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது. ஆனால் ஒருமுறை கணக்கு அட்டவணை முழுவதையும் இதில் போட்டு அச்சிட்டேன். எண்கள் வரிசையில் நிற்காமல் குதித்தன, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது அட்டவணை மட்டும் வெர்டானாவில். அதுவும் கார்ட்டர் வரைந்ததுதான், சான்ஸ் செரிஃப், எண்கள் எல்லாம் ஒரே உயரம். அகலம் அதிகம் என்பதால் ஜார்ஜியா 11 என்றால் வெர்டானாவை 9-க்கு இறக்கிவிடுகிறேன்.