டால்புடில் தியாகிகள் அருங்காட்சியகம்: கட்டாயம் போய்ப் பாருங்கள்

இங்கிலாந்தின் டார்செட்டில் வயல்களுக்கு நடுவே இருக்கும் குட்டிக் கிராமம் டால்புடில். 1834-ல் தண்டிக்கப்பட்ட இந்த ஊர்ப் பண்ணையாட்கள் ஆறு பேரின் நூற்றாண்டு நினைவாக 1934-ல் தொழிற்சங்கங்கள் கட்டிய ஆறு வீடுகளோடு சேர்ந்த சின்ன இடம்தான் இது, ஒரு மணி நேரம் போதும், ஆனால் எனக்குக் கிளம்ப மனமே வரவில்லை.

வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஆகி, அடுத்து 6 ஆகப்போகிறது என்ற நிலையில் ஜார்ஜ் லவ்லெஸும் மற்ற பண்ணையாட்களும் சங்கமாகச் சேர்ந்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. அதனால் ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று சொல்லி, கடற்படைக் கலகத்துக்காக 1797-ல் வந்த சட்டத்தைத் தேடிப்பிடித்து, 1834 மார்ச்சில் ஆறு பேருக்கும் ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கூலியைக் குறைக்காதே என்று கேட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா! படிக்கப் படிக்க நெஞ்சு அடைக்கிறது. மக்கள் கொதித்தெழுந்த பிறகே, 1836-ல் மன்னிப்பு வந்தது.

அப்புறம், அவர்கள் கூடிப் பேசியதாகச் சொல்லும் சிக்கமோர் மரம் இன்னும் நிற்கிறது, அதன் நிழலில் கொஞ்சம் உட்காருங்கள். ஐந்து பேர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள், ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் ஊரிலேயே தங்கினார், அவர் கல்லறை தேவாலய வளாகத்தில் இருக்கிறது. ஜூலையில் திருவிழாக் கூட்டம் இருக்கும். அமைதியாகப் பார்க்க வேறு மாதம் நல்லது.