கல்லா, கஞ்சியா?

இலங்கையின் வன்னியில் போர் நினைவைக் காக்க இரண்டு வழி: கல்லறைக் கல், கஞ்சி. கல் பெயரைத் தாங்கும், ஆனால் இடிபடும். புலிப் போராளிகளைப் புதைத்த கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லத்துக் கல்லறைகள் போருக்குப் பின் உடைக்கப்பட்டன. சனம் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து விளக்கேற்றியது.

கஞ்சியில் இடிக்க ஒன்றுமில்லை. போர் முடிந்த நாளான மே 18ஐ ஒட்டிக் காய்ச்சுவது: ஒரு சுண்டு அரிசிக்குப் பத்துச் சுண்டு தண்ணீர், கொஞ்சம் உப்பு. பயறும் சர்க்கரையும் சேர்க்கக் கூடாது. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் வரிசையில் நின்று வாங்கியது அதுவல்ல. அரிசி மலரும்வரை அகப்பையால் துழாவ வேணும், விட்டால் அடிப்பிடித்து முழுப்பானையும் மணக்கும். சிரட்டையில் வார்க்கும்போது, “ஏனம்மா இதுக்குக் கறி இல்லை?” என்று பிள்ளை கேட்கும். கதை அங்கேதான் கைமாறுகிறது. கல்லுக்கு முன்னால் பிள்ளை பேசாமல் நிற்கும்.

ஆனால் கஞ்சி இறந்தவரின் பெயர் சொல்லாது. அதனால் கஞ்சியே முதலில்; கூடவே பெயர், வயது, ஊர், திகதி எழுதிய கொப்பி இரண்டு, ஒன்று வேறு வீட்டில்.